குடிக்காதவருக்கும் அதே மேசை, அதே கவனம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருபவரின் சுவையைக் கேட்டறிந்து அவருக்கென்று காக்டெயில் கலந்து தரும் மதுக்கூடம் ஒன்று சேலத்தில் எங்கள் குடியிருப்புப் பகுதியை ஒட்டி இயங்குவதைக் கண்டித்து, தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். குடியைக் கலையாக்கி, நாகரிகமாக்கி, படித்த பிள்ளைகளை அதன் பக்கம் இழுக்கும் முயற்சி இது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். அரசுக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். குடியால் பாதியில் படிப்பை விட்ட மாணவர்களையும், தந்தையின் குடியால் தேர்வுக் கட்டணம் கட்ட வழியின்றி நின்ற மாணவிகளையும் என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த இடத்துக்கு நானும் என் மனைவியும் சென்று வந்தோம். அங்கே நாங்கள் கண்டது அந்த வாசகர் எழுதியதிலிருந்து முக்கியமான ஓர் இடத்தில் வேறுபடுகிறது. அதைச் சொல்லாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

ஓட்டல்கள் மதுக்கூடம் நடத்த அரசு தரும் எஃப்.எல்.3 உரிமம் பெற்ற ஓர் ஓட்டலின் மாடியில் அது இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய நீளமான மரமேசை ஒன்று; அதற்குப் பின்னால் ஆத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்த, கேட்டரிங் படித்த ஓர் இளைஞர். உட்கார்ந்ததும் அவர் எங்கள் முன் விலைப்பட்டியலை நீட்டவில்லை. “ஆல்கஹால் சேர்த்துங்களா சார், சேர்க்காமலுங்களா?” என்று கேட்டார். காபிக்குச் சர்க்கரை வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் அதே இயல்பான குரலில், இரண்டு விடைகளில் எது வந்தாலும் தமக்குச் சம்மதமே என்பதுபோல அவர் கேட்டார். என் மனைவி மது அருந்தாதவர். தமக்கு வேண்டாம் என்று அவர் சொன்னவுடன், அந்த இளைஞர் அவர் பக்கம் திரும்பி, என்னிடம் கேட்டதைவிட அதிகமான கேள்விகளை அவரிடம் கேட்டார் என்பதே நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்த செய்தியின் மையம்.

“டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்குவீங்க அம்மா? மாங்காய்க்கு உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிடப் பிடிக்குங்களா? இஞ்சி ஒத்துக்குங்களா?” இப்படிப் போயின அந்தக் கேள்விகள். இனிப்பு குறைவாக வேண்டும், புளிப்பு பிடிக்கும், இஞ்சி பிடிக்கும், புதினா வாசனை மட்டும் ஆகாது என்று என் மனைவி சொன்னார். அது சித்திரை மாதம். சந்தையெங்கும் மாங்காய் குவிந்து கிடந்த நேரம். புளிப்பு மாங்காயைத் துருவிப் பிழிந்த சாறு, இடித்த இஞ்சி, கரைத்து வடிகட்டிய கருப்பட்டிப் பாகு சிறிதளவு, உப்புக் கரைசலில் சில துளிகள், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஆகியவற்றை ஐஸுடன் ஷேக்கரில் போட்டுக் குலுக்கி, வடித்து, மேலே சோடா ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டியில் எடுத்து அவரிடமே சுவை பார்க்கக் கொடுத்தார். “இன்னும் கொஞ்சம் உப்பு, தம்பி” என்றார் என் மனைவி. உப்பு சேர்ந்தது. திருமண வீடுகளிலும் விருந்துகளிலும் ஓட்டல்களிலும், மது அருந்தாதவர் என்பதாலேயே கடைசியாகக் கேட்கப்பட்டு, கையில் ஒரு குளிர்பானப் புட்டி திணிக்கப்பட்டே பழகிப்போன ஒரு பெண்ணுக்கு, அவர் சொல்லுக்கு ஏற்ப ஒரு கோப்பை திருத்தப்பட்டது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை அவர் முகத்தில் கண்டேன்.

எனக்குச் செய்து தந்ததையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை இல்லாத ஃபில்டர் காபி குடிப்பவன் என்றேன். ஏற்காட்டுக் காபிக் கொட்டையில் இறக்கி ஆறவைத்த டிகாக்ஷனில் கருப்பட்டிப் பாகையும் ரம்மையும் சேர்த்தார். ஊற்றுவதற்கு முன் அளவுக் கிண்ணத்தை என் கண்ணுக்கு நேரே பிடித்து, “30 மில்லிங்க சார், அதுக்கு மேல இல்லை” என்றார். கோப்பை காலியானதும் நான் கேட்காமலேயே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எப்படி வீட்டுக்குப் போகிறோம் என்று விசாரித்தார். நடந்து போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

இந்தத் தொழிலின் நுட்பம் மதுவில்தான் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். 1806-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்னும் ஊரிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகைக்கு, காக்டெயில் என்றால் என்ன என்று கேட்டு வாசகர் ஒருவர் கடிதம் எழுதினார். மது, சர்க்கரை, தண்ணீர், மூலிகைக் கசப்புச் சாறு ஆகிய நான்கும் சேர்ந்தது என்று ஆசிரியர் விடையளித்தார். அந்த நான்கில் மதுவை நீக்கினாலும் மூன்று மிஞ்சுகின்றன. அவற்றோடு புளிப்பையும் உப்பையும் சேர்த்துக்கொண்டால், நாவுக்குத் தெரிந்த சுவைகளில் பெரும்பாலானவை அங்கேயே இருக்கின்றன. கலப்பவரின் வேலை, அவற்றை ஒன்றையொன்று அமுக்காமல் நிறுத்துவது. குளிர்ச்சி கூடினால் இனிப்பு நாவில் குறைந்து தெரியும் என்பதால், ஐஸில் தரும் பானத்துக்குப் பாகு சற்றுக் கூடுதலாக வேண்டும். சில துளி உப்பு கசப்பை அடக்கும். பத்துப் பதினைந்து நொடி குலுக்கும்போது ஐஸ் உருகி, கோப்பையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீராகவே சேர்ந்துவிடும்; அதைக் கணக்கில் கொள்ளாதவர் செய்தது சப்பென்று இருக்கும்.

மது இல்லாமல் நல்ல பானம் செய்வது மதுவோடு செய்வதைவிடக் கடினம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மணம் தரும் எண்ணெய்கள் பெரும்பாலும் தண்ணீரில் கரைவதில்லை. ஆல்கஹாலில் எளிதில் கரைகின்றன. தொண்டையில் இறங்கும்போது ஏற்படும் காந்தலும், நாவில் நிற்கும் கனமும்கூட ஆல்கஹால் தருபவையே. அதை எடுத்துவிட்டால் அந்த வேலைகளை வேறு பொருள்களைக் கொண்டு செய்தாக வேண்டும். காந்தலுக்கு மிளகும் இஞ்சியும் சுக்கும் இருக்கின்றன. கனத்துக்குக் கருப்பட்டியோ தேனோ உதவும். மணத்துக்கு, ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரையில் பிசைந்து சில மணி நேரம் மூடி வைத்தால், தோலிலுள்ள எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொண்டு வாசனையான பாகாக மாறும். இவ்வளவு உழைப்பு வேண்டியிருப்பதால்தான் பெரும்பாலான ஓட்டல்கள் அந்தப் பக்கமே போகாமல், செயற்கை நிறமூட்டிய பாகில் சோடாவை ஊற்றி மாக்டெயில் என்று பெயர் வைத்து விற்கின்றன.

இனி அளவைப் பற்றி. கண்டித்து எழுதிய வாசகர் எல்லா மதுக்கூடமும் ஒன்றே என்கிறார். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நம் நாட்டில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி வகைகளில் பொதுவாக 42.8 விழுக்காடு ஆல்கஹால் இருக்கிறது. 30 மி.லி. கொண்ட ஒரு சிறிய பெக்கில் இருப்பது ஏறத்தாழ 10 கிராம். டாஸ்மாக் கடையில் பரவலாகக் கிடைக்கும் சிறிய புட்டி, எல்லாரும் குவார்ட்டர் என்று சொல்லும் 180 மி.லி. புட்டி, அதில் 60 கிராம் இருக்கிறது. முப்பதோ அறுபதோ போதும் என்று நினைப்பவரும் அங்கே முழுப் புட்டியைத்தான் வாங்க வேண்டும். திறந்த புட்டியை வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தயங்கி, பக்கத்துப் பாரிலேயே நின்றபடி அவசரமாக முடித்துவிட்டுப் போகிறவர்களை நம் ஊரில் யார்தான் பார்த்ததில்லை? மனித உடல் ஒரு மணி நேரத்தில் ஏழு முதல் பத்துக் கிராம் வரையே ஆல்கஹாலை வெளியேற்றும். அரை மணி நேரத்தில் உள்ளே போன 60 கிராம் வெளியேற ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அதற்குள் அந்த மனிதர் வண்டியை எடுத்திருப்பார், அல்லது வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்.

அளந்து குடித்தால் கேடில்லை என்று நான் சொல்லவில்லை. உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று ஒன்று கிடையாது என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்திருக்கிறது. வேதியியல் படித்த எனக்கும் அதில் மறுப்பு இல்லை. ஆனால் குடிப்பதென்று முடிவு செய்துவிட்ட ஒருவர் எங்கே, எவ்வளவு, யார் கண்ணெதிரில் குடிக்கிறார் என்பது அவர் குடும்பத்துக்கு முக்கியமான கேள்வி. கோப்பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து குடிப்பதும் முக்கியம். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் என்னும் நச்சு கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததையும், பாதிக்கப்பட்டவர்களில் பலர் நம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டதையும் இந்த ஊர் மறந்திருக்காது. தான் குடிப்பது எது என்று கேட்கும் உரிமையோ சொல்லும் ஆளோ அந்த ஏழைகளுக்கு இருக்கவில்லை.

சேலத்தில் இதைப் பேசும்போது வரலாற்றையும் நினைக்கத்தான் வேண்டும். இங்கே வழக்கறிஞராக இருந்து, நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் (இன்றைய முதலமைச்சர் பதவி அன்று அப்படி அழைக்கப்பட்டது) மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தத் தேர்ந்தெடுத்தது, இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தைத்தான். 1937 அக்டோபர் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. போன வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, 1981-இல் மறுபடியும் போனது; 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதிலும் கடை திறக்கலாமா மூடலாமா என்ற ஒரே கேள்வியைத்தான் நாம் மேடைதோறும் விவாதித்திருக்கிறோம். திறந்திருக்கும் கடையில் வருபவர் எப்படி நடத்தப்படுகிறார், அவருடன் வரும் குடிக்காத நண்பருக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. மதுவிலக்கை உளமார விரும்புகிறவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கேட்பதால் அவர்கள் கொள்கைக்கு எந்தக் குறைவும் வராது.

குடியை விட்டவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் சொன்னதாலோ, மகள் அழுததாலோ, தாமே வெறுத்துப்போனதாலோ நிறுத்தியவர் ஒருவர், பழைய நண்பர்களின் கூட்டத்துக்குப் போகும்போது கையில் எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? மற்றவர்களுக்குக் கலந்து தருவதில் காட்டும் அக்கறை அவருக்கும் காட்டப்பட்டால், அவருடைய கோப்பையும் மேசையில் மற்றக் கோப்பைகளுக்கு நடுவே அழகாக நிற்குமானால், “ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோப்பா” என்னும் வற்புறுத்தலை மறுக்கும் வலு அவருக்குக் கொஞ்சம் கூடும். வண்டி ஓட்டி எல்லாரையும் வீடு சேர்க்கப் பொறுப்பேற்றவருக்கும் இது பொருந்தும். 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் என்பதே சட்டம் வகுத்த வரம்பு; 60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் ஒரே ஒரு சிறிய பெக் குடித்தாலே அந்த வரம்பை நெருங்கிவிடுவார், இரண்டாவதில் தாண்டிவிடுவார். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டு மலைப்பாதையில் மாலை நேரத்தில் இறங்குகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிக் கேட்டுச் செய்து தருவது நமக்குப் புதிதா என்றால், இல்லை. எலுமிச்சை சோடாக் கடையில் “உப்பா, இனிப்பா?” என்று கேட்காமல் எந்தக் கடைக்காரராவது கலந்ததுண்டா? உப்பும் இனிப்பும் பாதிப் பாதி என்று சொல்பவருக்கு அப்படியே தருவார். நன்னாரி சர்பத்தில் ஐஸ் வேண்டுமா என்று கேட்பார். தட்டுவடை செட் போடும் வண்டிக்காரர்கூடக் காரச் சட்னி எவ்வளவு என்று கேட்டுத்தான் வைக்கிறார். ராம நவமிக்குக் கரைக்கும் பானகத்தில் வெல்லமும் சுக்கும் ஏலமும் நிற்கும் பொருத்தம், எந்த ஊர்ப் பார்டெண்டரும் வணங்கத்தக்கது. நம்மிடம் ஏற்கெனவே இருந்த இந்தப் பழக்கத்துக்கு ஒரு நல்ல மேசையும், கொஞ்சம் பயிற்சியும், கூடுதலாகச் சில பொருள்களும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவே.

அந்தப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் ஏற்காடு வருகிறது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி, இன்று ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் அடையாளமாகவே இருக்கிறது. காபித் தோட்டத்து நிழல்மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. குளிர்காலத்தில் மலை ஆரஞ்சு வருகிறது. பலாவும் கொய்யாவும் அவகேடோவும் பேஷன் ஃப்ரூட்டும் அந்தந்தப் பருவத்தில் சாலையோரக் கடைகளில் கிடைக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே இருக்கிறது. இத்தனையும் சுற்றியிருக்க, ஏரிக்கரையில் களைத்து உட்காரும் குடும்பத்துக்கு நாம் விற்பது சமவெளியில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் அதே குளிர்பானப் புட்டியைத்தான். ஆறிய காபி டிகாக்ஷனில் ஆரஞ்சுச் சாறும் மிளகும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதைச் சுற்றுலாப் பயணி அறியாமலேயே திரும்புகிறார். ஆரஞ்சையும் மிளகையும் விளைவிக்கும் மலைவாழ் மக்களோ, வியாபாரி சொல்லும் விலைக்கே மூட்டையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். நாளொன்றுக்கு ஒரு கூடைப் பழத்தை நேரடியாக வாங்கிக்கொள்ளும் சிறு கடைகள் பத்து இருந்தாலும் அவர்களுக்கு அது ஆதரவுதான்.

நான் சென்ற இடத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். விலை அதிகம். எங்கள் இருவருக்கும் ஆன தொகை, இந்த ஊரில் ஒரு கைத்தறி நெசவாளிக்கு ஒரு நாள் கூலியைவிடக் கூடுதல். மதுவற்ற பானத்துக்கு மது சேர்த்ததற்கு நிகரான விலை வைப்பதற்கு உழைப்பைக் காரணமாகச் சொன்னார்கள்; நியாயம் ஓரளவு இருக்கிறது, ஆனாலும் அந்த விலை குடிக்காதவரைத் துரத்தும். தெருவைப் பார்த்து வைத்திருக்கும் வண்ண விளக்குப் பலகை, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் வழியில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டும் என்று அந்த வாசகர் எழுதியதை நானும் வழிமொழிகிறேன். இருபத்தொரு வயது நிரம்பியதற்கான சான்றைப் பார்த்த பிறகே மது தருகிறார்களா என்பதை மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையினர் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க வேண்டும்.

துறைக்கு என் வேண்டுகோள் இதோடு நிற்கவில்லை. உரிமம் பெற்ற எந்த மதுக்கூடமும், விருந்தினர் கண்ணெதிரே அளந்து ஊற்ற வேண்டும் என்பதையும், கோப்பையில் உள்ள மதுவின் அளவை மில்லிலிட்டரில் விலைப்பட்டியலில் தமிழில் அச்சிட வேண்டும் என்பதையும் உரிமத்தின் நிபந்தனையாகவே ஆக்கலாம். புட்டியில் அடைத்த குளிர்பானத்தைக் கணக்கில் சேர்க்காமல், அங்கேயே புதிதாகச் செய்யப்படும் மதுவற்ற பானங்கள் பட்டியலின் முதல் பக்கத்தில், மதுப் பானங்களைவிடக் குறைந்த விலையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். ஏற்காட்டில் உரிமம் பெற்ற இடங்கள், குடித்தவரை மலைப்பாதையில் வண்டி ஓட்ட விடாமல் தங்கவைக்கவோ மாற்று ஓட்டுநரை ஏற்பாடு செய்யவோ பொறுப்பேற்க வேண்டும்.

சுற்றுலாத் துறைக்கு ஒன்று. மே மாதக் கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏற்காட்டுக்கு வருகின்றன. அடுத்த விழாவில், மது அறவே இல்லாத, கேட்டுச் செய்து தரும் பானக்கடை ஒன்றை அண்ணா பூங்காவிலோ அரசு நடத்தும் தமிழ்நாடு ஓட்டலிலோ திறந்து, சேலத்துக் கேட்டரிங் கல்லூரி மாணவர்களிடம் அதை ஒப்படைக்கலாம். பழமும் காபியும் மிளகும் தேனும் மலைவாழ் விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்கப்பட வேண்டும். ஒரு கோப்பையின் விலை ஐம்பது ரூபாயைத் தாண்டாமல் இருந்தால் போதும். கூட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது. விழாவுக்கான ஆலோசனைக் கூட்டம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கூடும்போது இந்த யோசனையை எடுத்துக்கொள்ளுமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர்,
சேலம்.